பதினோராம் தடத்தில் நான் துடைத்தது

போன மாதம் பாரிசில் எங்கள் ஆக்களின் கடைகள் இருக்கிற லா சப்பலில் தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில், கலியாண வீடுகளுக்குப் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கிற தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். தொழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "அண்ணை, இப்ப பாடுற ஆக்களின்ரை மூச்சுச் சத்தத்தை முழுக்க எடுக்க ஒரு பொத்தான் வந்திட்டுது. ஒருக்கா அமத்தினாக் காணும்," என்று சொல்லித் தன் கைத்தொலைபேசியில் ஒரு பிள்ளையின் பாட்டைப் போட்டுக் காட்டினார். நல்ல குரல். நாலு நிமிடப் பாட்டில் அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட மூச்சு எடுக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு மூச்சு முட்டியது. 

"உங்கடை காலத்திலை இதெல்லாம் கையாலையே எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் அதைப் பற்றி ஒரு நாள் எங்கள் பெடியளுக்கு வந்து பேசுங்கோ என்றார். நாலு பேருக்கு முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பினேன். எழுத உட்கார்ந்த பிறகு பார்த்தால், இருபத்தாறு வருட வேலையில் சொல்ல வேண்டிய கதை என்று எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அது நான் பெருமைப்படுகிற கதையும் இல்லை.

நான் வேலை செய்தது பாரிசின் ஸ்டாலின்கிராட் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு முற்றத்தின் பின்புறம் இருந்த ஒலிப்பதிவு ஸ்டூடியோவில். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்துகிற கடையில் நின்ற அனுபவம் இருந்தது. பாரிசுக்கு வந்தபோது அதை ஒருவரும் கேட்கவில்லை. ஆறு வருடம் ரெஸ்டோரண்டுகளில் கோப்பை கழுவினேன். பிறகு அந்த ஸ்டூடியோவைக் கூட்டித் துடைக்கப் போனேன். ஒரு நாள் அறுந்து கிடந்த வயர் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை இன்னும் பத்து வயர்களைத் தந்தார்கள். மூன்றாம் வருடம் தும்புத்தடியை வேறு ஒருவர் எடுத்துக்கொள்ள, நான் உதவி ஒலிப்பதிவாளன் ஆனேன். படிப்பு அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் மதாம் ஒதில். தலைமை ஒலிப்பதிவாளர். மெலிந்த, உயரமான மனுஷி. இருபத்தாறு வருடமும் என்னை முசியே சபா என்றுதான் கூப்பிட்டார், ஒரு நாளும் ஒருமையில் பேசியதில்லை. பாடகர் பாடும்போது அவரைப் பார்க்க மாட்டார். தரையைப் பார்த்தபடி மந்தரின் தோடம்பழம் உரிப்பார். உரித்த தோலை மேசையில் வரிசையாக அடுக்குவார். நன்றாக இருக்கிறது என்றோ சரியில்லை என்றோ அவர் வாயிலிருந்து வந்ததாக எனக்கு நினைவில்லை. பாடி முடிந்ததும் 'இன்னொன்று' என்பார், அல்லது 'ஓன் கார்த்' என்பார். இதை வைத்திருப்போம் என்று அர்த்தம். பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் நின்று அந்த இரண்டு சொல்லுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி முழித்துக்கொண்டு இருப்பார்கள்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்களிடம் இருந்தது பழைய டேப் இயந்திரம். டேப் மூன்று விரல் அகலம் இருக்கும். அதில் பக்கத்துப் பக்கத்தில் பதினாறு தடங்கள். ஒன்றில் டிரம், ஒன்றில் கிட்டார், குரலுக்கு மூன்று நாலு. ஒரு தடத்தில் பதிவதற்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அங்கே முன்பு இருந்தது போய்விடும். கம்ப்யூட்டர் மாதிரித் திரும்பி வராது. ஆகவே சிவப்புப் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் வாயால் உரக்கச் சொல்ல வேண்டும்: எத்தனையாம் தடம், எந்தச் சொல்லில் பொத்தானை அழுத்தி உள்ளே போகிறேன், எந்தச் சொல்லில் அதை விட்டு வெளியே வருகிறேன். அதை மதாம் ஒதில் திருப்பிச் சொல்வார். அதன் பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகலாம். இரண்டாவது சட்டம், ஒவ்வொரு நாளும் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்த பிறகுதான் டேப்பில் கை வைக்கலாம்.

எனக்கு இந்தச் சட்டங்கள் மிகவும் பிடிக்கும். நான் இயல்பிலேயே பயந்த ஆள். வேலை முடிந்து மெத்ரோ வரைக்கும் போய்விட்டு, இயந்திரத்தை நிறுத்தினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். என் மனைவி வசந்தி, "இந்த மனுசனுக்குப் பூட்டின கதவையும் பூட்டோணும்," என்று சனத்துக்குச் சொல்லிச் சிரிப்பா. அவ சொல்வது சரிதான்.

பாட்டின் வரிகளைப் பின்தொடர எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். இங்கிலீஷ் பாட்டானாலும் பிரெஞ்சுப் பாட்டானாலும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். பாடகர் பாடப் பாட, வரிகளுக்கு இடையில் வேண்டாத சத்தம் ஏதும் வந்தால் அந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரிச் சின்னதாக ஒரு புள்ளடி போடுவேன். கடதாசி சரசரத்தால் புள்ளடி. தொண்டை செருமினால் புள்ளடி. பிறகு புள்ளடி போட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் துடைப்பேன். மதாம் ஒதிலுக்கு என் கடதாசியில் ஓர் எழுத்தும் விளங்காது, ஆனால் அதை நம்பினார்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முந்தி லூசியான் வந்தார். கரீபியன் கடலில் இருக்கிற மார்த்தினிக் தீவுக்காரர், எழுபத்தாறு வயது. பாரிசின் நடன மண்டபங்களில் ஐம்பது வருடம் பாடியவர். தன் தீவின் மொழியான கிரெயோலிலும் பிரெஞ்சிலும் அவருடைய சொந்தப் பாட்டுகள் நிறைய உண்டு. எங்கள் முற்றத்துக் காவல்காரர்கூட அவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். இந்த முறை அவர் சொந்தப் பாட்டுப் பாட வரவில்லை. இளவயதில் ரேடியோவில் கேட்டுக் கிறுக்குப் பிடித்துப்போன அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல், ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகள் பதினொன்றைத் தன் குரலில் பாடி ஓர் இசைத்தட்டு விட வேண்டும் என்றார். அந்தக் காலத்துத் தட்டுகள் மாதிரி டேப்பில்தான் பதிய வேண்டும் என்றும் நின்றார். "ஐம்பது வருடம் என் பாட்டைக் கேட்டார்கள். போகும்போது நான் கேட்ட பாட்டைப் பாடிவிட்டுப் போகிறேன்," என்றார்.

போகும்போது என்று அவர் சும்மா சொல்லவில்லை. தொண்டையில் கட்டி. குரல்வளையை வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்று டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். வெட்டினால் உயிர் இருக்கும், குரல் இருக்காது. அவருக்குக் கிடைத்தது மூன்று கிழமை. அதில் பன்னிரண்டு நாளை எங்களிடம் கொண்டு வந்தார்.

ஒவ்வொரு நாளும் கோட் சூட் போட்டு, ஒரு சுடுதண்ணிப் போத்தலோடு வருவார். போத்தலில் தேனும் ஏதோ இலையும் போட்ட தண்ணி. வாத்தியக்காரருக்குப் பகிடி சொல்வார். எனக்கு அந்தச் சங்கீதம் முதலில் பிடிபடவில்லை. ஒரே பெண்ணிடம் பதினொரு விதமாகக் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நாலாம் நாள் அதை அவரிடமே சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்து, பிறகு இருமத் தொடங்கி, கால் மணித்தியாலம் வேலை நின்றது. அந்தக் கால் மணித்தியாலமும் நான் பட்ட பாடு! மதாம் ஒதில் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் அவர் முற்றத்துக்குள் வந்து 'போன்ஷூர்' என்று வணக்கம் சொல்கிற குரலில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டு நிற்பேன். ஒரு நாள் கூடும், அடுத்த நாள் குறையும். பாடும்போது தொண்டையிலிருந்து ஈரமான ஒரு கரகரப்பு வரிகளுக்கு நடுவில் வரும். வியாதியின் சத்தம். அதற்கும் புள்ளடி போட்டேன். மதாம் ஒதில் கேட்டுவிட்டு, அதைத் துடைக்கலாம் என்றார். பத்துப் பாட்டிலும் அந்தச் சத்தத்தைத் துடைத்தோம், ஒவ்வொன்றும் உரக்கச் சொல்லி, நகல் எடுத்த பிறகு.

பதினோராவது பாட்டு மிஞ்சியிருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு. சத்திரசிகிச்சையை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், திங்கட்கிழமை காலை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பாடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பாட்டில் ஒருவன் தன்னை விட்டுப் போன மனைவியின் வாசலில் நின்று மூடின கதவோடு பேசுகிறான். எல்லாம் பேசி முடித்து, கதவைத் தட்டாமல், சரி நான் போகிறேன் என்று சொல்லித் திரும்புகிறான். அதுதான் கடைசி வரி. வெள்ளி காலை லூசியான் இரண்டு தடவை பாடினார். முதல் தடவை பத்தாம் தடத்தில், இரண்டாம் தடவை பதினோராம் தடத்தில். இரண்டாம் தடவை முடிந்ததும் மதாம் ஒதில் 'ஓன் கார்த்' என்றார். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய்த் தனியே நின்றார். ஒரு பாட்டு முடிந்த கையோடு அவர் எழுந்து போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மேசையில் பாதி உரித்த தோடம்பழம் கிடந்தது.

லூசியான் மயக்கமருந்து டொக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். நாலு மணிக்கு வந்து பாட்டைக் கேட்பதாகச் சொன்னார். மதாம் ஒதில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். நான் தனியே இருந்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் தன் குரல் இருக்கும்போதே தன் பாட்டைக் கேட்கப்போகிற கடைசிப் பின்னேரம் இது. அதில் அந்த வியாதியின் சத்தம் எதற்கு? நாலு மணிக்கு அவருக்குச் சுத்தமாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். நகல் எடுக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும். துடைத்துவிட்டு நகல் எடுத்தால் ஒரே வேலையாக முடியும். உரக்கச் சொல்ல அறையில் ஆளும் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பூட்டின கதவைப் பூட்டிய ஆள், அன்றைக்கு மட்டும் கதவைத் திறந்தபடி விட்டேன்.

கடதாசியில் ஏழு புள்ளடி இருந்தது. ஆறையும் துடைத்தேன். ஏழாவது, கடைசி வரிக்கு முன்னால். அந்த இடத்தில் இரண்டு செக்கனுக்கு வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும், குரல் மட்டும்தான். எங்கே உள்ளே போவது, எங்கே வெளியே வருவது என்று பிடிக்க நாலு தடவை போட்டுக் கேட்டேன். முதலில் தாழ்வாக ஒரு மூச்சு உள்ளே போகிறது. பாதியில் நிற்கிறது. பிறகு அந்தக் கரகரப்பு மாதிரி ஒன்று. பன்னிரண்டு நாளும் துடைத்த சத்தம்தான் என்று என் காது சொன்னது. அழுத்தினேன், விட்டேன்.

திருப்பிப் போட்டுக் கேட்டேன். கடைசி வரி எங்கிருந்தோ வந்து விழுந்தது. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சொற்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்த மனிதன் போய், வேறு யாரோ வந்து 'சரி, நான் போகிறேன்' என்று சொன்னான். அந்த மூச்சில்தான் அவன் போக முடிவெடுத்திருக்கிறான். அது வியாதி இல்லை, பாட்டு. இருமல் மருந்து என்று நினைத்து ஊற்றியது மருந்தில்லை என்று பிறகு தெரிந்தவன் மாதிரி நான் அந்தக் கதிரையில் இருந்தேன். காது இரண்டும் அடைத்துப்போயிற்று. 

வேறொரு மூச்சை வெட்டி அந்த இடத்தில் ஒட்டலாமா என்று பார்த்தேன். பத்தாம் தடத்தில் முதல் தடவை பாடினதைத் தேடினேன். அதில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வேறு பாட்டுகளில் தேடினேன். டேப்பில் இருந்த நல்ல மூச்சையெல்லாம் நானே துடைத்திருந்தேன், பழைய நகல்களில் இருந்த எதுவும் இந்த இடத்தில் பொருந்தவில்லை.

எழுந்து வெளியே போனேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் லா சப்பல் வரைக்கும் நடந்தேன். வசந்தி அங்கே ஒரு சேலைக் கடையில் வேலை செய்தா. மடித்த சேலைகளை அடுக்கிக்கொண்டு நின்றவ என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைவேலையை விட்டா. "என்னப்பா, ஆருக்கும் ஏதும் நடந்ததே?" என்று கேட்டா. கடையின் பின்பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் ஒருவருக்கும் தெரியாது என்றும், மதாம் ஒதில் சில வேளை கவனிக்காமல் விடக்கூடும் என்றும், லூசியானுக்குத் தான் பாடினது முழுக்க நினைவில் இருக்காது என்றும், அவர் நோயாளி, இந்த நேரத்தில் இதைச் சொல்லி மனதை உடைக்கலாமா என்றும் சொன்னேன். எல்லாம் எனக்கு அப்போது நல்ல நியாயமாகத்தான் பட்டது.

 நான் முடித்த பிறகு வசந்தி கேட்டா:

"திங்கக்கிழமைக்குப் பிறகு அவராலை பாடேலாது, என்ன?"

"ஓம்."

"அப்ப நீங்கள் இண்டைக்குச் சொன்னா அவர் திருப்பிப் பாடிப் பாக்கலாம். திங்கக்கிழமை சொன்னா, அது உங்கடை நெஞ்சுப்பாரத்தை இறக்கிறதுக்குத்தான் உதவும். அவருக்கு ஒண்டுமில்லை. போங்கோ, இதிலை நிக்காதேங்கோ."

ஒரு போத்தல் தண்ணியைக் கையில் தந்து அனுப்பினா. அதைத் திறக்காமலே கொண்டு போனேன். ஸ்டாலின்கிராட் வரைக்கும் ஒரே ஒரு மெத்ரோத் தரிப்புத்தான். நடந்தே போனேன், தூரம் குறைந்துவிடுமே என்று பயந்து பயந்து.

மதாம் ஒதில் திரும்பி வந்து பாதி விட்ட தோடம்பழத்தை உரித்துக்கொண்டு இருந்தார். நின்றபடியே சொன்னேன். என் பிரெஞ்சு அன்றைக்கு முழுக்க உடைந்து உடைந்துதான் வந்தது. அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது:

"எந்தத் தடம்?"

"பதினொன்று."

"எந்தச் சொல்லில் உள்ளே போனீர்கள்?"

கதவு என்ற சொல்லுக்குப் பிறகு என்றேன்.

"எதில் வெளியே வந்தீர்கள்?"

கடைசி வரியின் முதல் சொல்லுக்கு முன்னால் என்றேன். அதைத் திருப்பிச் சொல்வார் என்று காத்து நின்றேன். திருப்பிச் சொல்லவில்லை. அந்த இடத்தை ஒரு தடவை போட்டுக் கேட்டார். உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். லூசியானிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் இருப்பேன் என்றார். நகல் இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. இருந்திருந்தால் நான் இப்படி நின்றிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்க லூசியான் வந்தார். அவர் கோட்டைக் கழற்றும் வரைக்கும்கூட எனக்குப் பொறுக்க முடியவில்லை, வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன். அவர் ஒரு கை கோட்டுக்குள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்று கேட்டார். எவ்வளவு போயிற்று என்று கேட்டார். இரண்டு செக்கன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. முழுப் பாட்டும் போய்விட்டது என்று பயந்துவிட்டேன் என்றார். அவரைக் கதிரையில் இருத்தி, அந்த இடத்தைப் போட்டுக் காட்டினோம். கேட்டு முடிந்ததும் அவர் சிரிக்கவில்லை. கோட்டை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். டொக்டர் நாலு மணிக்கு மேல் பேசவே கூடாது என்று சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் என் கதிரையை விட்டு எழுந்து மதாம் ஒதிலுக்கு இடம் விட்டேன். அவர் என்னை இருக்கச் சொன்னார். சிவப்புப் பொத்தானில் நீங்கள்தான் இருப்பீர்கள் என்றார். அந்த மூச்சையும் கடைசி வரியையும் மட்டும் திருப்பிப் பதிய வேண்டும். பன்னிரண்டாம் தடம் வெறுமையாக இருந்தது, அதில் எதையும் அழிக்கப் பயமில்லை. இருந்தாலும் சட்டப்படி உரக்கச் சொன்னேன். தடம் பன்னிரண்டு என்று சொல்லும்போது என் குரல் இரண்டாகப் பிளந்தது. அவர் அமைதியாகத் திருப்பிச் சொன்னார். அழுத்தினேன்.

முதல் தடவை லூசியானுக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டாவது தடவை அந்த இடத்தில் மூச்சு எடுத்தார், ஆனால் எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுத்தார். அது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. மூன்றாவது தடவை குரலே வரவில்லை. சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து குடித்தார். நான் அவருடைய தொண்டையில் அந்த மிடறு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். போதும் ஐயா, விடுங்கோ என்று தமிழில் வாய்க்குள் சொன்னேன். நாலாவது தடவை வரி சுத்தமாக வந்தது. சுருதி சரி, சொல் சரி, நேரம் சரி. மதாம் ஒதில் 'ஓன் கார்த்' என்றார். வழமையாக அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வரும். லூசியான் ஹெட்போனைக் கழற்றிக் கவனமாகக் கொழுவினார், அவ்வளவுதான். காலையில் வந்தது அது இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று வேலை முடிந்ததும், நான் விலகிக்கொள்கிறேன் என்று மதாம் ஒதிலிடம் சொன்னேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஒரு டிரம்காரர் வருகிறார், எட்டரைக்கு மைக்குகள் தயாராக இருக்க வேண்டும் என்றார். அந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் டிரம்முக்கு மைக் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே ஆஸ்பத்திரியில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று நிமிடத்துக்கு நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

தட்டு வெளிவந்தது. நல்ல பேர். பதினோராவது பாட்டின் முடிவைப் பற்றி ஒரு பத்திரிகையில், இந்த வயதிலும் எவ்வளவு தெளிவு என்று புகழ்ந்து எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. தட்டை வீட்டில் வைத்திருக்கிறேன். கதவோடு அவன் பேசி முடிக்கிற இடம் வரைக்கும் கேட்பேன், பிறகு எழுந்துபோய் நிறுத்திவிடுவேன். 

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து லூசியான் என்னைச் சந்திக்க வேண்டும் என்று மதாம் ஒதில் மூலம் சொல்லி அனுப்பினார். எதற்கு என்று சொல்லவில்லை. மூன்று இரவு நித்திரை இல்லை எனக்கு. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவருக்கு மென்மையான சாப்பாடுதான் இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மத்தியானம் வரச் சொன்னேன். அதே கோட் சூட். கழுத்தில் ஒரு பட்டுத் துணி கட்டியிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். இடியப்பமும் சொதியும் எடுத்தோம். இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். நல்லது என்று கட்டைவிரலைக் காட்டினார். 

சாப்பிட்டு முடிந்து கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார்.

'அன்று நீங்கள் துடைத்தது எப்படி இருந்தது?'

பாடியவருக்கு அது நினைவில் இல்லை. மதாம் ஒதில் அதை ஒரு தடவைதான் கேட்டார். துடைப்பதற்கு இடம் பார்க்க நாலு தடவை போட்டுக் கேட்டவன் நான். உலகத்தில் அதை அறிந்த ஒரே ஆள் நான்தான் என்று அந்தக் கொப்பியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தாழ்வாகத் தொடங்கும், பாதியில் நிற்கும், பிறகு கரகரப்பாக ஒன்று வரும் என்று பிரெஞ்சில் விளக்கத் தொடங்கினேன். அவர் கையால் மறித்து எழுதினார்.

'சொல்ல வேண்டாம். செய்யுங்கள்.'

கடை நிறையச் சனம். கோப்பைகள் சத்தம், பின்னால் யாரோ பார்சலுக்குச் சண்டை. நான் வாழ்க்கையில் ஒரு பாட்டின் ஒரு வரியும் பாடியதில்லை. வெட்கமாக இருந்தது. மேசைக்குக் குனிந்து, அந்த மூச்சை எடுத்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்து, இன்னும் கீழே என்று கையால் காட்டினார். இரண்டாம் தடவை எடுத்தேன். பரிமாறுகிற பிள்ளை ஓடி வந்து, "ஐயா, சாப்பாடு விக்கினதே?" என்று கேட்டுத் தண்ணி வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை அது வந்தது. பாதியில் நின்று, தொண்டைக்குள் அந்தச் சின்ன உடைசலோடு அப்படியே வந்தது. 

லூசியான் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுதினார், இந்த முறை மெல்ல.

'அந்த இடத்தில்தான் எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. பன்னிரண்டு நாளும் அந்தப் பயத்தை எவருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.'

வாசித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, விரலை நீட்டி என் தொண்டையைக் காட்டினார், இன்னொரு தடவை என்று. கண்ணையும் மூடிக்கொண்டார்.

நான் மூச்சை எடுத்தேன்.